மைக், நாற்காலி, கம்பளம்: ‘தி கிரேட் டிக்டேட்டர்’ ஒரு நிகழ்வு ஆய்வு

ஹிட்லரைக் கேலி செய்து சார்லி சாப்ளின் எடுத்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தை அதன் கடைசிப் பேச்சு வழியாக மட்டுமே தெரிந்து வைத்திருப்பவர்கள் நிறைய. ஏறக்குறைய நான்கு நிமிடம் ஓடும் அந்தத் துண்டு தேர்தல் நேரத்திலும் போர் நேரத்திலும் தவறாமல் சுற்றுக்கு வரும். அதை மட்டும் பார்த்தால் இது நல்ல மேடைப்பேச்சைப் பற்றிய படம் என்று தோன்றும். படம் 125 நிமிடம். அந்தப் பேச்சுக்கு முன்னால் இருக்கும் இரண்டு மணி நேரமும் மேடைப்பேச்சு என்ற சமாச்சாரத்தையே சந்தி சிரிக்க வைப்பதில்தான் போகிறது. இந்த முரணை எடுத்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.

சாப்ளின் சர்வாதிகாரியின் மனசுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. அவன் ஏன் இப்படி ஆனான் என்ற கேள்வியே படத்தில் கிடையாது. அதிகாரம் எந்தத் தட்டுமுட்டுச் சாமான்களின் மேல் நிற்கிறதோ அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டுகிறார்: மைக், நாற்காலி, சிவப்புக் கம்பளம், பதக்கம், மொழிபெயர்ப்பாளர், தட்டச்சுக்காரி. சாமான் இருக்கும் இடத்தில் நகைச்சுவை பிசகாமல் ஓடுகிறது. சாமான் இல்லாமல் வெறும் வன்முறை மட்டும் இருக்கும் இடத்தில் படம் திணறுகிறது. வெற்றி, தோல்வி இரண்டையும் இந்த ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கலாம்.

கதை

முதல் உலகப்போரின் கடைசி ஆண்டு. டொமேனியா நாட்டுப் படையில் இருக்கும் யூத நாவிதன் ஒருவன் ஷுல்ட்ஸ் என்ற அதிகாரியைக் காப்பாற்றுகிறான். விமானம் விழுந்ததில் நினைவு போய் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்கிறான். வெளியே வந்து கடையைத் திறந்தால் நாடு அடினாய்ட் ஹிங்கெல் என்ற சர்வாதிகாரி கையில் இருக்கிறது. நாவிதன், ஹிங்கெல் இரண்டு வேடமும் சாப்ளினுக்கு. பக்கத்து வீட்டுப் பெண் ஹன்னாவாக பாலெட் காடார்ட். பாக்டீரியா நாட்டுச் சர்வாதிகாரி பென்சினோ நாபலோனியாக, அதாவது இத்தாலியின் முசோலினியாக, ஜாக் ஓக்கி. ஹிங்கெலின் பிரச்சார மந்திரி கார்பிட்ச், படைத்தளபதி ஹெரிங். ஹிட்லரின் மந்திரிகள் கோயபல்ஸும் கோரிங்கும்தான் என்று அன்றைய ரசிகனுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பிடிபட்டு வதைமுகாமில் அடைபட்ட நாவிதன் கடைசியில் அங்கிருந்து சீருடையில் தப்புகிறான். வாத்து வேட்டைக்குப் போன ஹிங்கெலை அவனுடைய சொந்தப் படையே நாவிதன் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆள் மாறிப்போகிறது; ஹிங்கெல் என்று நினைத்து நாவிதனை மேடையேற்றிப் பேசச் சொல்கிறார்கள்.

இந்த உருவ ஒற்றுமையை இரண்டு மணி நேரம் படத்தில் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஆட்சேபம் கிளம்பும் என்று சாப்ளினுக்குத் தெரியும். சர்வாதிகாரிக்கும் யூத நாவிதனுக்கும் இடையே ஒற்றுமை ஏதும் இருந்தால் அது தற்செயலே என்று தொடக்கத்திலேயே அட்டை போட்டு வாயை அடைத்துவிடுகிறார்.

போர் முந்திக்கொண்டது

சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரல் 16. ஹிட்லர் அதே மாதம் 20. மீசையும் ஏறத்தாழ ஒன்று. ஆள்மாறாட்டக் கதைக்கான யோசனையைத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா 1937-ல் சொன்னதாகச் சாப்ளின் தன் வரலாற்றில் எழுதுகிறார். மேடையில் ஒரு வேடத்தில் வாய் ஓயாமல் கத்தலாம், இன்னொரு வேடத்தில் வாய் திறக்காமலே இருக்கலாம் என்பது அவருக்குப் பிடித்துப்போனது. 1931-ன் ‘சிட்டி லைட்ஸ்’, 1936-ன் ‘மாடர்ன் டைம்ஸ்’ வரை பேசும் படத்துக்கு இறங்கிவராமல் இருந்தவர், முதன்முதலாக முழுப் பேசும்படம் எடுக்கச் சம்மதித்த காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

1938 இறுதியில் கதை பதிவானது. ஜெர்மனியில் யூதர் கடைகளையும் வழிபாட்டிடங்களையும் நொறுக்கிய நவம்பர் இரவும் அதே காலம்தான். அதற்கு முன்பே ஹாலிவுட் தணிக்கை அலுவலகத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஜெர்மன் தூதரகத்திலிருந்து ஆட்சேபம் போயிருந்தது. ஹிட்லரோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்த பிரிட்டனில் படம் திரைக்கு வராது என்ற சேதி வந்தது. விநியோகம் செய்யவேண்டிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனமே கவலைப்பட்டது. சாப்ளின் அந்த நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவர், ஸ்டுடியோவும் சொந்தம், போட்ட பணமும் சொந்தம். செலவு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். வேறு எந்த இயக்குநராக இருந்திருந்தாலும் படம் இந்தக் கட்டத்தோடு படுத்திருக்கும்.

படப்பிடிப்பு தொடங்கியது 1939 செப்டம்பர் 9. போலந்து மேல் ஜெர்மனி பாய்ந்து எட்டு நாள். பெரும்பகுதி 1940 மார்ச்சுக்குள் முடிந்தது. அதன்பிறகுதான் நார்வே, டென்மார்க், ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் என்று வரிசையாக விழுந்தன. எழுதும்போது ஹிட்லர் மிரட்டுகிற ஆள். வெட்டி ஒட்டும்போது பாரிஸில் நிற்கிற ஆள். 1940 அக்டோபர் 15-ல் நியூயார்க்கில் ஆஸ்டர், கேபிடல் என்ற இரண்டு அரங்குகளில் படம் வெளியானபோது லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. தடுக்கப் பார்த்த பிரிட்டனே அந்த டிசம்பரில் படத்தை வரவேற்றது. அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டுக்கு மேல் பாக்கி.

மைக் முன்னால்

ஹிங்கெலின் முதல் பேச்சுதான் படத்தின் ஆகச் சிறந்த கட்டமைப்பு. சாப்ளின் பேசுவது ஜெர்மன் கிடையாது. ஜெர்மனின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு செய்தித்தொகுப்புகளில் கேட்ட ஏற்ற இறக்கத்தில் கொட்டுகிறார். நடுநடுவே ‘சவர்கிராட்’ போன்ற சாப்பாட்டுப் பெயர்கள் தலைகாட்டுகின்றன. தொண்டையைக் கிழிக்கும் எழுத்துகள் மெல்ல இருமலாகின்றன, இருமல் மறுபடி பேச்சாகிறது. எது வசவு, எது இருமல் என்று பிரிக்க முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறது.

ஒரு நடிகரின் வாய்வித்தையோடு இது நின்றிருந்தால் இரண்டு நிமிடத்தில் சலித்திருக்கும். சலிக்காததற்குக் காரணம் சுற்றி அடுக்கியிருக்கும் சாமான்கள். மைக் ஹிங்கெலின் சீற்றம் தாங்காமல் பின்னால் வளைகிறது. தொண்டை காய்ந்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சத்தைக் கால்சட்டைக்குள் ஊற்றிக்கொள்கிறான். கூட்டத்தின் ஆரவாரம் அவன் கை அசைவில் எரிகிறது, அணைகிறது. சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டுகிற மாதிரி. இடுப்பை இறுக்கிக்கொள்ளுங்கள் என்று நாட்டுக்குச் சொன்னதும் ஹெரிங் எழுந்து பெல்ட்டை இறுக்கி, உட்காரும்போது அது அறுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வானொலி மொழிபெயர்ப்பாளர் குரல். ஹிங்கெல் ஒரு முழு மூச்சு வெறுப்பைக் கக்கி முடித்த பிறகு, மேன்மை தங்கியவர் இப்போது யூத மக்களைப் பற்றிக் குறிப்பிட்டார் என்று அது நிதானமாகச் சொல்கிறது. 1930-களில் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் தூதர்களும் ஹிட்லரின் பேச்சைத் தங்கள் வாசகருக்குப் பக்குவமாகச் சமைத்துப் பரிமாறிய லட்சணம் இந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. கேலி ஹிங்கெலை மட்டும் தாக்கவில்லை. அவனை நாகரிகப்படுத்தி நமக்குக் கொண்டுவரும் இடைத்தரகரையும் சேர்த்தே தாக்குகிறது.

இதே நகையை அலுவலக அறையில் சின்ன அளவில் திரும்பச் செய்கிறார். ஹிங்கெல் நீளமாக ஒரு வாக்கியம் சொல்ல, தட்டச்சுக்காரி இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துகிறாள். அவன் ஒரே ஒரு சொல் சொல்ல, அவள் பாட்டுக்கு வரி வரியாக அடித்துத் தள்ளுகிறாள். இது வேலை செய்வதற்கு ஹிங்கெல் அவளைச் சந்தேகத்தோடு ஒருமுறை திரும்பிப் பார்ப்பதே போதும். சத்தம் போட்டிருந்தால் நகை செத்திருக்கும்.

ஒலிபெருக்கி மறுபடி வருவது யூதர் குடியிருப்பில். மேலே சொன்ன அதே குரல், அதே உளறல். இந்த முறை தெருவில் இருப்பவர்கள் ஓடுகிறார்கள், நாவிதன் பீப்பாய்க்குள் பதுங்குகிறான். மேடையில் சிரிப்பு மூட்டிய ஒலி இங்கே கதவைச் சாத்தவைக்கிறது. உளறலுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் விளைவு தெரியும். படத்தின் அரசியல் கூர்மை முழுக்க இந்த இரண்டு காட்சிகளின் இடைவெளியில்தான் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நாற்காலியும் கம்பளமும்

நாபலோனி வரும் ரயில் நிலையக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு ரயில், ஒரு சுருள் கம்பளம். ரயில் நிற்கிறது, கம்பளம் கதவுக்கு நேரே இல்லை. கம்பளத்தை நகர்த்தினால் ரயில் நகர்கிறது. பின்னால், முன்னால், மறுபடி பின்னால். இறங்க வேண்டியவர் உள்ளேயே நிற்கிறார், வரவேற்க வேண்டியவர் நடைமேடையில் ஓடுகிறார். இறங்கியதும் ஒருவர் சல்யூட் அடிக்கும்போது மற்றவர் கை நீட்டுகிறார். இவர் கை நீட்டும்போது அவர் சல்யூட்.

அடுத்தது நாற்காலி. விருந்தாளியைச் சிறியவனாக உணரவைக்க கார்பிட்ச் போடும் திட்டத்தில் மூன்று படி உண்டு. நாபலோனி நீண்ட அறையின் கோடியிலிருந்து ஹிங்கெல் வரை முழு நீளமும் நடந்து வரவேண்டும். ஹிங்கெலைவிடத் தாழ்வான நாற்காலியில் உட்காரவேண்டும். ஹிங்கெலின் மார்பளவுச் சிலை அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் கவிழ்கிறது. நாபலோனி பின்கதவு வழியே நுழைந்து ஹிங்கெலின் முதுகில் ஓங்கித் தட்டுகிறார். தாழ்ந்த நாற்காலி பிடிக்காமல் மேசை மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அந்தச் சிலை மேல் தீக்குச்சியை உரசுகிறார்.

நகைச்சுவை எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டியது, திட்டத்தை முன்கூட்டியே படி படியாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்ளின் உடைக்கிறார். சொல்லாமல் உடைத்திருந்தால் வெறும் குறும்பாகப் போயிருக்கும். பிறகு சவரக்கடையில் இருவரும் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்து மாறி மாறி உயர்த்திக்கொள்வது தனியாகப் புகழ்பெற்ற காட்சி. ஆனால் முந்தைய தாழ்ந்த நாற்காலி இல்லாவிட்டால் அதில் பாதிச் சிரிப்புதான் மிஞ்சும். ஆஸ்டர்லிச் (படத்தில் ஆஸ்திரியாவுக்கு வைத்த பெயர்) நாட்டு எல்லையில் யார் படையை முதலில் விலக்குவது என்ற பேரம் கடுகும் நூடுல்ஸும் பறக்கும் சாப்பாட்டுச் சண்டையாக முடிகிறது. உன்னைக் கிழித்துவிடுவேன் என்று காட்ட ஹிங்கெல் நூடுல்ஸைப் பிடித்து இழுக்க, அது அறுவேனா என்கிறது.

ஹெரிங்கின் பதக்கங்களும் இந்த ரகம்தான். புதிய பதக்கம் குத்த மார்பில் இடம் தேடவேண்டியிருக்கிறது. கோபம் வந்ததும் ஹிங்கெல் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுச் சட்டைப் பொத்தான் வரை போய்விடுகிறான்.

உலக உருண்டையும் சவரக்கத்தியும்

பலூன் உலகத்தோடு ஹிங்கெல் ஆடும் நடனத்துக்குப் பின்னணி வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசைநாடகத்தின் முன்னிசை. காற்றில் மிதக்கும் பலூனுக்கு அதற்கே உரிய தாமதம் இருக்கிறது. உதைத்தவுடன் பறக்காது, மேலே போய் யோசித்து இறங்கும். நடிகர் தன் வேகத்தைப் பலூனின் வேகத்துக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மனிதன் பலூனைத் துரத்துவதாகத் தெரியுமே ஒழிய நடனமாகத் தெரியாது. விரல் நுனி, தலை, பூட்ஸ் குதிகால், மேசை மேல் குப்புறப் படுத்துப் பின்பக்கம் என்று தொடும் இடம் கீழிறங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் கட்டிப்பிடிக்கிறான், வெடிக்கிறது, அழுகிறான்.

உடனே வெட்டு, நாவிதன் கடை. வானொலி பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்தை ஒலிபரப்ப, நாவிதன் அந்தத் தாளத்துக்கே சவரம் செய்கிறான். நாற்காலியில் மாட்டிக்கொண்டவர் சாப்ளின் ஆரம்பத்தில் நடித்த கீஸ்டோன் ஸ்டுடியோ காலத் தோழர் செஸ்டர் காங்க்லின். காட்சி முழுவதும் வெட்டு இல்லாத ஒரே ஷாட். இசை நிதானித்தால் கத்தி நிதானிக்கிறது, இசை பாய்ந்தால் கத்தி பாய்கிறது, கடைசித் தட்டோடு கை காசுக்கு நீள்கிறது. ஒருவன் உலகத்தை வைத்துக்கொண்டு விளையாடுகிறான், அது கையில் தங்குவதில்லை. மற்றவன் ஒரு கழுத்தின் மேல் கூரான கத்தியை வைத்திருக்கிறான், ஒரு கீறல் விழுவதில்லை. விளக்கவுரை ஏதும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே வாதம்.

சறுக்கிய இடங்கள்

யூதர் குடியிருப்பில் சீருடைக் காலிகள் வரும் காட்சிகளில் ஹன்னா மாடியிலிருந்து வாணலியால் மண்டையில் போடுகிறாள். சிரிக்கலாம். ஆனால் ஹிங்கெல் அரண்மனையில் உண்டான நம்பகம் இங்கே கிடைப்பதில்லை. காரணம் எளிது: அரண்மனையில் அதிகாரத்துக்கு மேடை அலங்காரம் இருந்தது, கேலி அதைப் பிடித்துக்கொண்டது. தெருவில் அடிப்பவனுக்கு அலங்காரம் வேண்டாம், கை போதும். கைக்கு எதிராக வாணலி வைத்தால் அது பழைய ஊமைப்பட அடிதடியாகிவிடுகிறது. முகாம் காட்சிகள் இன்னும் மெலிவு. சாப்ளினே அங்கே நீண்ட நேரம் நிற்கவில்லை.

இதற்காக அவரைக் குற்றம் சொல்லும்போது தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாஜிகளின் டாஹாவ் வதைமுகாம் 1933-லேயே திறந்தது. அடைத்துவைத்து வதைப்பது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். கொல்வதற்கென்றே முகாம்கள் இயங்கத் தொடங்கியது 1941 கடைசியில், படம் வெளியாகி ஓராண்டு கழித்து. முகாம்களின் உண்மைக் கொடூரம் தெரிந்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964-ல் வந்த தன்வரலாற்றில் சாப்ளின் எழுதினார். அந்த வரியை வைத்துப் படத்தை நிராகரிப்பவர்கள் உண்டு. ஆனால் சறுக்கலுக்கு அறியாமையோடு கட்டமைப்பும் ஒரு காரணம்.

இன்னொரு குறை நேரப் பங்கீடு. நாபலோனி வந்ததும் படம் அவர் பக்கமே சாய்ந்துவிடுகிறது. ஓக்கி அவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதும் பிரச்சினைதான். முகாமுக்குப் போன நாவிதனை நாம் மறந்தே போகிறோம். அதனால் ஆள்மாறாட்டம் அவசரமாக நடந்து முடிகிறது. ஹிங்கெலைக் கொல்ல யார் போவது என்று இனிப்புக்குள் நாணயம் வைத்துத் தேர்ந்தெடுக்கும் காட்சி தனியாக எடுத்தால் மணி மணியான நகைச்சுவை. எல்லா இனிப்பிலும் ஹன்னா நாணயம் வைத்திருக்கிறாள், ஆளாளுக்கு அடுத்தவன் தட்டில் தள்ளிவிடுகிறார்கள், நாவிதன் விழுங்கியவை விக்கலில் கலகலக்கின்றன. ஆனால் கதையை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் அது நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறது. வெட்ட மனசு வந்திருக்காது, யாருக்குத்தான் வரும்.

கடைசி நான்கு நிமிடம்

முதலில் நினைத்த முடிவு வேறு. படைவீரர்கள் துப்பாக்கியை எறிந்துவிட்டு ஆடத் தொடங்குவார்கள். அதைப் படமாக்கவும் செய்தார்கள். சாப்ளினின் அண்ணன் சிட்னி படப்பிடிப்பில் 16 மி.மீ. வண்ணச் சுருளில் எடுத்த காட்சிகளில் அந்த நடனம் இருக்கிறது. பிரான்ஸ் சரணடைந்த 1940 ஜூன் மாத இறுதியில், அதற்குப் பதிலாக நாவிதனின் பேச்சு படமானது.

பேச்சு ஆரம்பிக்கும்போது பேசுகிறவன் நாவிதன்: தயக்கம், மன்னியுங்கள், எனக்குச் சக்கரவர்த்தியாக ஆசையில்லை. சில வரிகளுக்குள் கேமரா முன்னால் எடுப்பில்லாமல் ஒரு நரைத்த மனிதர் நேரே லென்ஸைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் சாப்ளின். பாத்திரம் காணாமல் போய்விட்டது. வெளியான நாளிலிருந்தே விமர்சகர்கள் மடக்கிய இடம் இது, நியாயமான மடக்குதான். இருந்தும் படத்தின் உள்கணக்கில் ஒன்று ஒட்டுகிறது. முதல் பேச்சில் வளைந்த மைக் இப்போது நேராக நிற்கிறது. கால்சட்டைக்குள் தண்ணீர் இல்லை, சுவிட்ச் போட்ட கைதட்டல் இல்லை, இடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. இரண்டு மணி நேரம் பிடுங்கிப் போட்ட சாமான்கள் போக மிஞ்சியது மைக்கும் ஆளும்தான்.

ஆனால் பேச்சு முடிந்ததும் அந்தக் கூட்டம் ஆரவாரிக்கிறது. ஹிங்கெலுக்கு ஆரவாரித்த மாதிரியே. இதைச் சாப்ளின் உணர்ந்து செய்தாரா என்பதைவிட, பார்ப்பவர் உணர்கிறாரா என்பது முக்கியம். எவன் பேசினாலும் முழங்குகிற கூட்டத்தை நம்பலாமா என்ற கேள்வியைப் படம் எழுப்பிவிட்டு ஓடிவிடுகிறது. அதே நேரத்தில் உலக உருண்டைக்கு ஒலித்த ‘லோஹென்கிரின்’ ஹன்னாவின் முகத்துக்கு மறுபடி ஒலிக்கிறது. ஒரே இசைக்குச் சொந்தக்காரர் இருவர்.

வெளியான பிறகு சாப்ளினுக்கு அதிகம் வசூலித்த படம் இதுவே. சிறந்த படம், நடிகர், துணைநடிகர், மூலத் திரைக்கதை, இசை என்று 5 ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை. 1941 செப்டம்பரில், ஹாலிவுட் அமெரிக்காவைப் போருக்குத் தள்ளுகிறது என்று விசாரித்த செனட் துணைக்குழு இந்தப் படத்தையும் இழுத்தது.

திரையிடுபவர்களுக்கு

முன்னுரையாக மூன்று விஷயம் போதும்: கோரிங், கோயபல்ஸ், முசோலினி யார் யார், 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது, ஏனென்றால் ஆஸ்டர்லிச் அதுதான், படப்பிடிப்புத் தேதிகள். இடைவேளை விட வேண்டுமென்றால் நாபலோனியின் ரயில் வருவதற்கு முன் விடலாம். நடனத்துக்கும் சவரத்துக்கும் நடுவில் மட்டும் விடக்கூடாது.

சப்டைட்டில் போடுகிறவர்கள் ஹிங்கெலின் உளறலுக்கு வரி போட்டால் காட்சி அங்கேயே செத்துவிடும். மொழிபெயர்ப்பாளர் குரலுக்கு மட்டும் போடுங்கள், அதுவும் அவர் எவ்வளவு சுருக்கமாகச் சொல்கிறாரோ அவ்வளவு சுருக்கமாக. கடைத்தெருப் பலகைகளில் இருப்பது எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி, அதையும் விட்டுவிடலாம்.

பிரதியைச் சரிபார்ப்பதும் அவசியம். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகு 1976-ல்தான் படம் திரைக்கு வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1958. இத்தாலியில் முசோலினியின் மனைவி உயிரோடிருந்ததால் நாபலோனியின் மனைவி வரும் காட்சிகளை வெட்டித்தான் காட்டினார்கள்; முழுப்படம் அங்கே 2002-ல் வந்தது. கையில் கிடைத்த பிரதியில் விருந்து மண்டபத்தில் ஹிங்கெல் திருமதி நாபலோனியோடு ஆடுகிறானா என்று முதலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஆடவில்லை என்றால் வேறு பிரதி தேடுங்கள்.